பாயான் பாரு குகதாசன்

சனிக்கிழமை காலையில் கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளிக்கொண்டிருந்தபோது, ஐந்தடி நடைபாதையில் தூணோரமாக ஒரு அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். கோயிலுக்குக் கட்டுகிற மாதிரி நல்ல சேலை. மடியில் ஒரு துணிப்பை. மசாலாத்தூள் வாங்க இவ்வளவு சீக்கிரம் யாரும் வருவதில்லை. "வாங்க ஆன்ட்டி, இப்பதான் தொறக்கிறோம்" என்றேன். அவர் எழுந்து வந்து, எனக்குப் பின்னால் இருந்த இருட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"குகதாசன் இன்னும் வரலியா தம்பி?"

"யாரு?"

"குகதாசன்லா. பாயான் பாருல இருக்காரே. மாசாமாசம் ஒங்க கடைக்கு வருவாராமே."

அப்படி யாரையும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். தெரியும். குகதாசனை உண்டாக்கியதே நான்தான்.

என் மனைவி பிரமிளா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாயான் லெப்பாசில் எலெக்ட்ரானிக்ஸ் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தவள். ஆள் குறைப்பு என்று ஒரு நாள் அனுப்பிவிட்டார்கள். அழுது முடித்தபிறகு மிளகாயும் மல்லியும் வாங்கி வறுக்க ஆரம்பித்தாள். வீட்டில் தொடங்கிய வியாபாரம் ஜார்ஜ் டவுனில் இந்தச் சின்னக் கடைவரை வந்துவிட்டது. இனி இணையத்தில் அகப்பக்கம் இல்லாமல் பிழைக்க முடியாது என்று எல்லோரும் சொன்னதால், கெலுகோரில் ஒரு மண்டபத்தில் நடந்த வகுப்புக்குப் போனாள். நடத்திய ராகினி டீச்சர் கெட்டிக்காரி. முகவரி போடு, கைப்பேசி எண் போடு, உன் முகத்தைக் காட்டு, தூள் அரைக்கிற மில்லைக் காட்டு, எல்லாவற்றையும் விட முக்கியம் வாங்கியவர்கள் நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அதுவும் முகத்தோடு இருந்தால்தான் பார்க்கிறவர்கள் நம்புவார்கள் என்று சொல்லிக்கொடுத்தாராம்.

மற்றதெல்லாம் பிரமிளா செய்துவிட்டாள். அந்தக் கடைசி விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டோம். நம் சனங்கள் வாயாரப் புகழ்வார்கள். 'ஒன் தூளுல வச்சா மீன் வாசமே வேற' என்பார்கள். எழுதிக் கொடுங்கள் அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் என்றால் முகம் மாறிவிடும். கண் படும், வீட்டுக்காரர் ஏசுவார், மூஞ்சி வீங்கியிருக்கிறது, தீபாவளி கழித்துப் பார்க்கலாம். வாட்சாப்பில் கட்டைவிரலை மட்டும் அனுப்புவார்கள். கட்டைவிரலை வைத்துக்கொண்டு அகப்பக்கத்தில் என்ன செய்வது?

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்களே மூன்று பேரை உண்டாக்கினோம். முகங்களைக் கம்ப்யூட்டர் செய்து கொடுத்தது. முப்பது வயதுத் தமிழர், சிரித்த முகம், நீலச் சட்டை என்று பிரமிளா எழுதினாள். பதினாறு எண்ணுவதற்குள் அவர் வந்துவிட்டார். பெயர் வைக்கும் வேலை எனக்கு. இங்கே யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் சனங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. கணக்கெழுதும் கிராணி, ஆசிரியர், சாமானைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். அவரே வாங்குகிறார் என்றால் நம்பி வாங்கலாம் அல்லவா? நான் வேலை பார்க்கும் கிலாங்கில் ஓய்வுபெற்றுப் போன ஒரு குகதாசன் இருந்தார். அந்தப் பெயரை எடுத்து இந்த முகத்துக்கு மாட்டினேன். கீழே, பாயான் பாரு என்று ஊரும் போட்டு, 'மாசாமாசம் நேரில் வந்து வாங்குவேன். வீட்டை விட்டு வந்தபிறகு அம்மா வைத்த மீன் குழம்பு இந்தத் தூளில்தான் திரும்பக் கிடைத்தது' என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று பிரமிளா என் தலையைத் தட்டினாள். உண்மையில் என் அம்மாவுக்குச் சமையல் வராது. அவர் வைத்த மீன் குழம்பைப் பூனைகூட யோசித்துத்தான் சாப்பிடும்.

பிறகு பேஸ்புக்கில் காசு கட்டி அந்தப் படத்தையே விளம்பரமாக விட்டோம். தீவில் மட்டும் போதாது, கடலுக்கு அந்தப் பக்கமும் போகட்டும் என்று நிபோங் திபால் வரைக்கும் பரப்பினோம். அங்கே தனலெட்சுமி என்ற இந்த அம்மாவின் கைப்பேசியில் போய் அது நின்றிருக்கிறது.

"இவன் எம்மவன் தம்பி" என்றார், நாற்காலியில் உட்கார்ந்து பிரமிளா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு. "நாங்க வச்ச பேரு லோகேஸ்வரன். பேர மாத்திக்கிட்டான் போல. யாழ்ப்பாணத்துப் பொண்ணா கட்டியிருப்பான். படிச்ச குடும்பம்லா, அவங்க பக்கத்துப் பேரா வச்சிருக்காங்க. வச்சிக்கட்டும். எனக்கு என்னா."

அவன் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் அப்பா அய்யாக்கண்ணுவோடு சண்டை. என்ன சண்டை என்பதே இப்போது அவருக்குச் சரியாக நினைவில்லை. அப்பா கை நீட்டிவிட்டார். மறுநாள் பையன் பஸ் ஏறினான். போலீசில் சொன்னார்கள், கோலாலம்பூர் போய்த் தேடினார்கள், சிங்கப்பூரில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அய்யாக்கண்ணு செத்தபோதும் அவன் வரவில்லை. தங்கை மகன்தான் கொள்ளி வைத்தான்.

"இந்தப் புருவத்த பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினார். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. முடி இல்லாமல் ஒரு கோடு. "தோட்டத்துல குடியிருக்கறப்ப சைக்கிள்லேருந்து விழுந்தான். நான்தான் மஞ்சள வச்சி அழுத்திப் பிடிச்சேன்."

பிரமிளா என்னைப் பார்த்தாள். புருவத்தில் வெட்டு வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் எப்போது வருவார் என்று தெரியாது ஆன்ட்டி என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. மத்தியானம்வரை காத்திருந்துவிட்டு ஒரு பொட்டலம் மீன் தூள் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும். பஸ் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, ஃபெரியிலிருந்து நடை. கடைக்கு வருகிற ஒவ்வொரு ஆம்பளையையும் முதலில் புருவத்தைத்தான் பார்ப்பார். மிளகாய் வாடையில் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வெறுமனே இருக்க மாட்டாமல், பிரமிளாவோடு சேர்ந்து பொட்டலத்தில் லேபிள் ஒட்டத் தொடங்கிவிட்டார்.

எனக்கு வேறு மாதிரி ஆரம்பித்தது. கிலாங் பஸ்ஸில் முன் சீட்டில் நீலச் சட்டை தெரிந்தால் எழுந்துபோய் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாயான் பாரு சந்தையில் ஒருவன் கோழி வாங்கிக்கொண்டிருந்தான், பக்கவாட்டில் அப்படியே குகதாசன். திரும்பினால் வேறு யாரோ. வேறு யாரோ என்று தெரிந்தபோது நிம்மதி வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பிரமிளா அகப்பக்கத்தைத் திறந்தால் அவன் முகம் வருகிற இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

"எடுத்துருவோம்" என்றாள் ஒரு நாள். எடுத்தோம். மூன்று பேரையும் ஒரே அழுத்தில் அழித்துவிட்டோம். அன்று சாயந்திரமே தனலெட்சுமி அம்மா கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"அவன் படத்த காணோமேம்மா. அவனுக்கு என்னாச்சி? எதாச்சும் ஆயிருச்சா? எங்கிட்ட சொல்லும்மா."

பிரமிளா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே மறு கையால் அவனைத் திரும்ப ஏற்றினாள். "நெட் பிரச்சின ஆன்ட்டி. இப்ப பாருங்க, வந்திருச்சி." அந்தப் பக்கத்தில் அவர் அழுவது எனக்கே கேட்டது. அந்த ராத்திரி பிரமிளா சாப்பிடவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை லேபிள் ஒட்டிக்கொண்டே சாதாரணமாக ஒன்று சொன்னார். அவருடைய தம்பி ரொம்ப நாளாக வற்புறுத்துகிறாராம். இத்தனை வருஷமாயிற்று, பிள்ளை இருக்கிறானோ இல்லையோ, அலையவிடாதே, ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் அவன் பெயருக்கும் காரியம் செய்துவிடு என்று. இவரும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்துவிட்டாராம். ஐயரிடம் சொல்லியாகிவிட்டது.

"அப்பதான் ஒங்க விளம்பரம் வந்துச்சி. வேணாம்னுட்டேன். உசுரோட இருக்கிற புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கலாமா? பெரிய பாவம் பண்ணியிருப்பேன். ஒங்களாலதான் தப்பிச்சேன்."

பிரமிளா லேபிள் தாளைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கடைக் கதவைப் பாதி இறக்கினாள். பிறகு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ராகினி டீச்சரின் வகுப்பு, ஆள் கிடைக்காதது, கம்ப்யூட்டர், பெயர். குழம்பைப் பற்றிய வரியை எழுதியது நான்தான் என்பதை நானே சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்பட்டு நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நம்பாமல் இருக்கக்கூடும் என்று பிரமிளா மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். அன்று எழுதிய அதே வார்த்தைகளை எழுதினாள். நீலச் சட்டை போட்ட ஒருவன் வந்து சிரித்தான். இன்னொரு முறை அழுத்தினாள், இன்னொருவன். இப்படி வரிசையாக வந்து சிரித்தார்கள், ஒருவனும் குகதாசன் இல்லை. ஒருவனுக்கும் புருவத்தில் வெட்டு இல்லை. தனலெட்சுமி அம்மா ஒவ்வொருவனையும் நிதானமாகப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. ஆளே கெடையாது. லட்சக்கணக்கான மனுஷங்க போட்டோவ பாத்துப் பாத்து இது கத்துக்கிட்டிருக்கு. அதுலேருந்து புதுசா ஒரு மூஞ்சிய செய்யும்."

வெளியே யாரோ பாதி இறங்கிய கதவைத் தட்டி, கடை உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"அப்ப எம்மவனயும் எங்கியாச்சும் பாத்துருக்குல்ல" என்றார். "பாக்காம எப்படி அந்தத் தழும்ப போடும்?"

"அது தானா வந்ததுதான் ஆன்ட்டி."

"பாக்கலன்னு ஒன்னால சொல்ல முடியுமாம்மா?"

பிரமிளா மடிக்கணினியை மூடினாள். அவர் பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் படம், ஒல்லியாக ஒரு பையன், முடி நெற்றியில் விழுந்து புருவத்தை மறைத்திருந்தது. அவனா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்தப் பையனும் அப்படித்தான் இருப்பான்.

"இதுக்கப்புறம் அவன் போட்டோ எங்கிட்ட இல்ல" என்றார். "இப்ப எப்படி இருப்பான்னு நானே தெனமும் மனசுல வளத்துக்கிட்டு வந்தேன். ஒங்க படத்துல அப்படியே இருந்தான்."

அன்று அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. ஃபெரி வரைக்கும் கூடப் போனேன். வழியெல்லாம் அமாவாசையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். செய்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அவர் கேட்கவில்லை. ஃபெரி நிலையத்தில் வாசலருகே போனதும் நின்றுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஃபெரி இப்படிப் போய்விட்டது.

வாசலில் நின்ற காவல்காரப் பெண் எங்களைக் கவனித்துவிட்டு வந்தாள். சட்டையில் காமாரியா என்று பெயர் இருந்தது. யாரைத் தேடுகிறீர்கள் மக்சிக் என்று, ஆன்ட்டி என்பது மாதிரி, மலாயில் கேட்டாள்.

"அனாக்" என்றார் தனலெட்சுமி அம்மா. மகன். சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் காட்டினார்.

இல்லை, அது வெறும் கம்ப்யூட்டர் படம் என்று சொல்வதற்கு எனக்கு மலாய் நன்றாகவே வரும். காமாரியா அதற்குள் கைப்பேசியை வாங்கி, வெயில் படாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புருவத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.

"மாச்சாம் பெர்னா நம்பாக்" என்றாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதாம். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களோடு வந்து இறங்குவானாம், அப்படித்தான் நினைக்கிறாளாம்.

தனலெட்சுமி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"பீலா?" என்று கேட்டேன் காமாரியாவிடம். எப்போது? என் குரல் எனக்கே கேட்டது.

அவள் தோளைக் குலுக்கிக் கடலைக் காட்டினாள். அடுத்த ஃபெரி வந்துகொண்டிருந்தது. தனலெட்சுமி அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, கம்பி வேலியின் ஓரத்தில் போய் நின்றார். நானும் போய் நின்றேன். பாலத்தகடு இறங்கியது. மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு மேலே ஏறி வந்தன, எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், கண்ணாடி இறங்கியிருந்தது, வெயிலில் ஒரு முகமும் தெரியவில்லை. அவர்களில் ஒருவன் எங்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைத் தூக்கக் கையை உயர்த்தினான்.