கலப்பைப் பிடியில் ஒரு பெயர்

வெள்ளிக்கிழமை பகலில் கஸ் வீலருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. 'கூரியர்' பத்திரிகைக்கு இருந்த ஒரே விளையாட்டு நிருபர் அவர்தான். விடிந்தால் ஹாலிஸ் கல்லூரிக்கும் டன்மோர் கல்லூரிக்கும் அமெரிக்க ஃபுட்பால் பந்தயம். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் சோள அறுவடைக்கு அடுத்த பெரிய விஷயம் அது. ஆசிரியர் ஹார்லன் பீட் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். மிச்சம் இருந்தது மாவிஸ் ஓல்மன் ஒருத்திதான்.

மாவிஸுக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடமாகக் கல்யாணப் பக்கம் எழுதி வந்தாள்.

"உனக்கு ஃபுட்பால் தெரியுமா?" என்றார் பீட்.

"மூணு அண்ணன்களோட வளந்தவ நான். சர்ச் முடிஞ்சு வந்ததும் என்னைத்தான் குறுக்க நிக்க வெச்சு இடிப்பாங்க."

"அப்ப நீயே போ. ஸ்கோரை மட்டும் தப்பா எழுதிடாத."

"பொண்ணோட கவுன்ல எந்த ஊர் லேஸுன்னு நான் தப்பா எழுதினா, பொண்ணோட அம்மா நேரா இங்க வந்து நிப்பாங்க. இத்தனை வருஷத்துல யாராவது வந்தாங்களா?"

பீட் யோசித்துப் பார்த்தார். யாரும் வந்ததில்லை.

1967 நவம்பரின் மூன்றாவது சனிக்கிழமை அது. மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேலே நிருபர்கள் உட்காரும் கண்ணாடி அறையின் கதவில் 'பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. வாசலில் நின்றவர் மாவிஸின் அனுமதிச் சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "சீட்டு சரியாத்தான் இருக்கு மேடம். நீங்கதான் சரியா இல்ல" என்றார்.

அவரோடு வாதாடிக்கொண்டிருந்தால் முதல் ஆட்டம் போய்விடும். மாவிஸ் படியிறங்கி மைதானத்தின் வடக்குக் கோடிக்குப் போனாள். கோல் கோட்டுக்குப் பின்னால், கயிறு கட்டிய இடத்தில், பேண்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய முரசு வைக்கும் மரப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். காற்று காதை அறுத்தது. ஆனால் கோடு அவளிடமிருந்து நாலு எட்டு தூரத்தில் இருந்தது.

அந்த வருடம் ஊரே டீன் கில்கிறிஸ்ட் என்ற பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஹாலிஸ் அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், எண் இருபத்திரண்டு. பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பதினான்கு டச்டவுன் போட்டிருந்தான். இன்னும் ஒன்று போட்டால், 1931-லிருந்து யாரும் முறியடிக்காத கல்லூரிச் சாதனையை முறியடித்துவிடுவான். அது போக, அன்று வெற்றி டச்டவுனைப் போடுகிறவனுக்கு இன்னொரு மரியாதையும் காத்திருந்தது. இரண்டு கல்லூரிகளும் கோப்பைக்குப் பதிலாக ஒரு பழைய கலப்பைக்காக விளையாடின. ஹாலிஸ் ஜெயித்த வருடங்களில், திங்கட்கிழமை நண்பகல், ஜெயிக்க வைத்தவனின் பெயரைக் காய்ச்சிய இரும்பு எழுத்துகளால் கலப்பைப் பிடியில் சுடுவார்கள். பேரன்களைக் கூட்டிவந்து அந்தப் பிடியைத் தடவிக் காட்டும் ஆட்கள் ஊரில் இருந்தார்கள்.

கடைசி ஒரு நிமிடம். டன்மோர் பத்து, ஹாலிஸ் ஏழு. பந்து வடக்குக் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் இருந்தது. மூன்றாவது முயற்சி. பந்து டீனுக்குத்தான் போகும் என்பது பாப்கார்ன் விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். டீன் பந்தை வாங்கிக்கொண்டு குனிந்து பாய்ந்தான். டன்மோர்காரன் ஒருவனின் தலைக்கவசம் அவன் முழங்கையில் இடித்தது. பந்து சோப்புக்கட்டிபோல நழுவி, கோட்டைத் தாண்டி விழுந்து, ஒரு முறை எம்பியது. ஹாலிஸின் அறுபத்து நான்காம் எண் சட்டைக்காரன் அதன் மேல் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டான். அவன் மேல் பத்துப் பேர் விழுந்தார்கள்.

நடுவர் கைகளை உயர்த்தினார். மைதானம் அதிர்ந்தது. குவியலை ஒவ்வொருவராக விலக்கினார்கள். அடியில் டீன் கிடந்தான். அவனை ஒட்டி அறுபத்து நான்கு. அவன் படுத்தபடியே பந்தை டீனின் கையில் திணித்ததை மாவிஸ் பார்த்தாள். டீன் பந்தோடு எழுந்தான். ஒலிபெருக்கி டீனின் பெயரைச் சொன்னது. அவள் முதுகுக்குப் பின்னால் பேண்டு முழங்கியது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாவிஸ் நோட்டில் எழுதினாள்: 'அறுபத்து நான்கு. இரண்டு கை. கோட்டுக்கு அப்பால்.' கோட்டுக்கு அப்பால் பந்தை அடக்குகிறவனுக்குத்தான் டச்டவுன். பிறகு நிகழ்ச்சித் தாளைத் திருப்பிப் பெயரைத் தேடினாள். மிலோ வோண்ட்ராசெக், கார்டு.

கார்டு என்றால் எதிரியை நெஞ்சால் முட்டி வழி ஒதுக்குகிறவன். வழியில் ஓடுகிறவனுக்குப் புகழ். ஒதுக்கினவனுக்கு வீங்கிய காது. நாலு வருடம் ஆடிவிட்டு ஒரு முறைகூடப் பந்தைத் தொடாமல் போகிறவர்கள் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாவிஸ் அவனைத் தேடிப் போனாள். வாடகை அறை வீட்டின் சமையற்கட்டில், அம்மா அனுப்பிய கொலாச்சி பன்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். கதவளவு உடம்பு. இடது கண் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது.

"உக்காருங்க மிஸ் ஓல்மன். இது ப்ளம், இது கசகசா. கசகசா எடுத்துக்குங்க."

அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகவே கேட்டாள். "நேத்து பந்து உங்க கிட்டதானே இருந்துச்சு?"

மிலோ தட்டையே பார்த்தான். "நான் கார்டு மேடம். கார்டுக்கு ஏது பந்து?"

"நான் அதைக் கேக்கல."

"டீனுக்கு அது வேணும். எனக்கு வேணாம். அடுத்த வாரம் நான் எங்கப்பாவோட பன்னிக் கொட்டாய்க்குக் கூரை போடப் போயிடுவேன். அங்க வந்து யாரு என்னை டச்டவுன் கேக்கப்போறாங்க?"

"நான் பாத்ததை எழுதப்போறேன் மிலோ."

"எழுதாதீங்கன்னு சொல்ல மாட்டேன்," என்றான் அவன். "ஆனா என் வாயால வராது."

டீனிடமும் போனாள். அவன் தன் விடுதி வாசலில் பத்துப் பேர் நடுவில் நின்றிருந்தான். சிரித்த முகம், நல்ல பையன். "ரெஃப்ரி என்ன சொன்னாரோ அதுதான் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டென்று தன் கார் சாவியைத் தேட ஆரம்பித்தான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

பீட் அவள் எழுதியதை நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

"மேல கண்ணாடி ரூம்ல ஒன்பது நிருபருங்க இருந்தாங்க. ஒன்பது பேரும் டீன்னு எழுதியிருக்காங்க."

"அவங்க எழுபது அடி உயரத்துல, காபி குடிச்சுக்கிட்டு, எதிர்க் கோடியில இருந்தாங்க. நான் நாலு எட்டுல இருந்தேன்."

"நம்ம கிட்ட விளம்பரம் கொடுக்கறவங்கள்ல பாதிப் பேரு ஹாலிஸ்ல படிச்சவங்க. நாளைக்கு இந்த ஃபோன் ஓயாது. உறுதியா இருக்கியா?"

"உறுதியா இல்லாட்டி உங்க மேசைக்கு வந்திருக்காது."

பீட் பென்சிலை எடுத்து, தலைப்பில் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார். கட்டுரையின் கீழே அவளுடைய முழுப் பெயரையும் போடச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே ஃபோன் அலற ஆரம்பித்தது. இறைச்சிக் கடைக்காரர் தெருவுக்குக் குறுக்காகவே கத்தினார்: "என்ன மாவிஸ், பந்து என்ன கவுன் போட்டிருந்துச்சு?"

"பழுப்புத் தோல், வெள்ளைக் கயிறு. அறுபத்து நாலாம் நம்பரோடதான் வந்துச்சு," என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள்.

பத்து மணிக்குக் கோச் கிரேவ்லி அவளைத் தன் அறைக்கு வரச் சொன்னார். திரையைக் கட்டி, ஆட்டத்தின் படத்தை ஓட்டிக் காட்டினார். மேலேயிருந்து எடுத்த படம். டீன் பாய்வது தெரிந்தது. பிறகு முதுகுகள், முதுகுகள் மட்டுமே. நாலு முறை ஓட்டியும் அதேதான்.

"படம் ஒன்னும் சொல்லலையே மேடம்," என்றார் கோச். குரலில் கோபம் இல்லை. "அப்ப ரெஃப்ரி சொன்னதுதான் நிக்கும். மத்தியானம் டீன் பேரைத்தான் சுடப்போறோம்."

"சுடுங்க. நான் எழுதினதை நான் மாத்தப்போறதில்ல."

கோச் அவளை ஒரு கணம் பார்த்தார். "என் டிஃபென்ஸ்ல உங்கள மாதிரி ரெண்டு பேரு இருந்தா நல்லாருக்கும்" என்று முணுமுணுத்தபடி விளக்கைப் போட்டார்.

நண்பகலில் உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் ஐந்நூறு பேர் கூடியிருந்தார்கள். மேடையில் கலப்பை. பக்கத்தில் பட்டறை ஆசிரியர் கரியடுப்பில் இரும்பு எழுத்துகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். மாவிஸ் நோட்டோடு முதல் வரிசையில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரு எட்டு விலகிக்கொண்டார்கள்.

கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் பேசினார். டீனின் கால்களைப் புகழ்ந்தார். பிறகு முதல் வரிசையைப் பார்த்துப் புன்னகைத்தார். "நம்ம ஊர்ல கேக் செய்முறை எழுதறவங்களுக்கு இப்பல்லாம் கற்பனை ரொம்ப ஊறுது. பொய்யைக்கூட அழகாத்தான் எழுதறாங்க."

கூட்டம் சிரித்தது. மாவிஸின் கழுத்து சுட்டது. ஆனால் பென்சில் நிற்கவில்லை. அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டாள். டீனை மேடைக்கு அழைத்தார்கள்.

பின்வரிசையில் கார்டுகளும், அவர்களைப் போலவே வழி ஒதுக்குகிற டேக்கிள்களும் சுவர்போல நின்றிருந்தார்கள். அந்தச் சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து முன்னால் வந்தது. மிலோ கூட்டத்தை விலக்கவில்லை. கூட்டம் தானாக விலகியது. மேடையின் கீழே வந்து தொப்பியைக் கழற்றினான்.

"கோச், அந்த மேடம் எழுதினது சரி. பந்து என் கிட்டதான் இருந்துச்சு."

அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம் கேட்டது.

"இதை முந்தாநேத்தே ஏன்டா சொல்லல?" என்றார் கோச்.

"முந்தாநேத்து அவங்களை யாரும் பொய்க்காரின்னு சொல்லல கோச்."

எல்லாக் கண்களும் டீன் பக்கம் திரும்பின. அவன் காது சிவந்தது. மறுத்திருக்கலாம், படமும் நடுவரும் அவன் பக்கம் இருந்தார்கள். அவன் கலப்பையைப் பார்த்தான், மிலோவைப் பார்த்தான், கடைசியாக மாவிஸின் நோட்டைப் பார்த்தான்.

"ஆமா. இவன்தான் என் கையில திணிச்சான்," என்றான். "எழுந்திருச்சு சொல்லலாம்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள பேண்டு ஆரம்பிச்சிடுச்சு. ஒரு தடவை தோள்ல ஏத்திட்டாங்கன்னா, எங்க இறங்கறதுன்னு தெரியல."

டீன் மேடையிலிருந்து குதித்து இறங்கி மிலோவின் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "ஏறுடா மாடு. ஒரு டச்டவுனுக்கு உன்னை இவ்ளோ கெஞ்சணுமா?"

முதலில் சிரித்தது பின்வரிசைச் சுவர். பிறகு ஐந்நூறு பேரும் சிரித்தார்கள். சங்கத் தலைவர் மட்டும் தன் குறிப்புத் தாளை மடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் அடங்கும்வரை காத்திருந்து, மாவிஸ் அவரிடம் மரியாதையாகக் கேட்டாள்: "உங்க பேரை முழுசா சொல்றீங்களா சார்? சரியாப் போடணும்."

சாதனை பதினான்கிலேயே நின்றது. டீனுக்கு அது கொஞ்ச நாள் வலித்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

பட்டறை ஆசிரியருக்கோ வேறு கவலை. அவர் கில்கிறிஸ்ட் என்ற பெயருக்குத்தான் எழுத்துகளை எடுத்து வைத்திருந்தார். பெட்டியைக் கிளறி வேறு எழுத்துகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டார். மிலோவின் பெயரை அவரவருக்குத் தெரிந்தபடி நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். மாவிஸ் நோட்டைக் கிழித்து, ஒன்பது ஆங்கில எழுத்துகளையும் பெரிதாக எழுதி நீட்டினாள். கில்கிறிஸ்டில் ஒல்லியான 'ஐ' இரண்டு இருந்ததால் அது அடங்கியிருக்கும்; இந்தப் பெயருக்குப் பிடியில் அளந்து பார்த்தால் எட்டுக்குத்தான் இடமிருந்தது. அதற்கப்புறம் இரும்புப் பட்டை.

"கடைசி எழுத்தை விட்டுடலாமா மிலோ?" என்றார் ஆசிரியர். "யாரு கவனிக்கப் போறாங்க?"

"எங்கப்பா கவனிப்பாரு," என்றான் மிலோ. "முழுசாப் போடுங்க சார்."

பட்டையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவர ஆள் ஓடினான். மிலோ மேடையில் கைகட்டி நின்றான். முதல் எழுத்து மரத்தில் பதிந்து புகை எழுந்தபோது, பின்வரிசைக் கார்டுகள் அதை உரக்கச் சொன்னார்கள். அடுத்ததற்கு டீனும் சேர்ந்துகொண்டான்.