செத்தவர்கள் எழக் கூடாது

பழங்காலப் போரை நடித்துக் காட்டும் எங்கள் படையில் சாவதற்கும் சட்டம் உண்டு. செத்து விழுந்தவன் கொம்பு ஊதும் வரை அசையக் கூடாது. போன வருடம் ஒரு பிணம் தண்ணீர் குடித்ததை யாரோ படம் பிடித்து ஊரையே சிரிக்க வைத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் தலைவர் போகுமிலுக்கும் மைக் பிடிக்கும் இவோனாவுக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான். மற்றபடி இருவரும் எலியும் பூனையும். அவருக்கு அறுநூறு வருடத்துக்கு முந்தைய தையல் வேண்டும்; அவளுக்குக் கைதட்டல் வேண்டும்.

அன்று இரண்டும் சேர்ந்து என் மனைவியின் தம்பி திமோன் தலையில் வந்து விடிந்தது.

ஜூலை வெயில். விஸ்துலா ஆற்றங்கரைப் புல்லில் நானும் அவனும் அருகருகே செத்துக் கிடந்தோம். கம்பளி அடைத்த அங்கி, அதன்மேல் இரும்பு வளையச் சட்டை, முகத்தை மூடிய தலைக்கவசம். மைதானத்தின் நடுவே போகுமில் எதிரித் தலைவனோடு வாள் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சுத்து பாக்கலாமா மக்களே?" என்று இவோனா சண்டையை இழுத்துக்கொண்டே போனாள்.

"இவ நம்மள வேகவச்சுதான் விடுவா மாமா," என்று திமோன் முணுமுணுத்தான்.

"உங்கக்கா சமையலுக்கு இது தேவல மாப்ள."

"இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

இவோனா மறுபடியும் ஒரு சுற்று கேட்டாள். நான் அவளைத் திட்டினேன். திமோன் ஒத்து ஊதவில்லை. வாய் ஓயாதவன் அவன்.

"மாப்ள? கோவமா?"

அவன் கையுறைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளங்கை அடுப்பாகச் சுட்டது. சொட்டு வியர்வை இல்லை. எழுந்து நின்றேன்.

"அட, ஒரு பிணம் எந்திரிச்சிருச்சு. நரகத்துல இடம் இல்லபோல," என்றாள் இவோனா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

போகுமில் ஓடி வந்தார். "படுய்யா. மானத்த வாங்காத."

"நெசமாவே மயங்கிட்டான்யா."

இரும்புக்குள் இருந்தவர் காதில் எது விழும்? வாளைத் திருப்பி என் தோளில் ஒரு போடு போட்டுவிட்டுச் சண்டைக்குத் திரும்பினார். விசில் பறந்தது.

திமோனின் தலைக்கவசத்தைக் கழற்றப் பார்த்தேன். சட்டென்று கழலும் பிளாஸ்டிக் கொக்கிக்குப் போகுமில் தடை போட்டிருந்தார். தோல் வாரின் முடிச்சு முன்பு வடிந்த வியர்வையில் ஊறி இறுகிக் கிடந்தது. மைதானம் முழுக்க வாள். எல்லாம் மழுங்க அடித்தவை. ஒரு வாரை அறுக்க நாதியில்லை.

கயிற்று வேலிக்கு ஓடினேன். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தைகளுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கத்தியக் குடுங்கம்மா. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க."

"அந்தக் காலத்துல ஆம்புலன்ஸ் ஏதுங்க?" என்று அவள் சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். என் முகமும் கவசத்துக்குள் இருந்தது. கத்தக் கத்த நடிப்பு நன்றாக இருக்கிறது என்றே நினைத்தார்கள். குரலைத் தாழ்த்தினேன்.

"அவன் பேரு திமோன். பேக்கரில வேல பாக்குறான். என் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். செத்துக்கிட்டிருக்கான்மா."

அவள் சிரிப்பு நின்றது. கத்தியை என் கையில் திணித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

வாரை அறுத்தேன். பீட்ரூட்டாகச் சிவந்த முகம், செருகிய கண். அதைப் பார்த்த பிறகுதான் போகுமில் வாளை வீசி எறிந்தார். குதிரைகளுக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து அவன்மேல் கொட்டினார். அவரைக் கொன்றுவிடலாம்போல் இருந்தது எனக்கு.

ஆம்புலன்ஸ் புல்வெளிக்குள் வந்தது. திமோனைத் தூக்கியதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. "இந்த வருஷம் அசத்திட்டாங்க," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஸ்ட்ரெச்சரோடு ஓடினேன். திமோனின் விரல்கள் மெல்ல என் கையை இறுக்கின. நான் தலைக்கவசத்துக்குள்ளேயே ஓவென்று அழுதேன். அதற்கும் தட்டினார்கள்.