அன்ரனுக்கு விரித்த போர்வை

கடலுக்குப் போன அன்ரனின் உடல் கரை சேரவில்லை. கவிழ்ந்த படகு மட்டும் வந்தது. பெட்டி இல்லை, கல்லறை இல்லை. அதனால் முப்பத்தோராம் நாள் மாதா கோவில் பூசையில் பீடத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, அவனுடைய உடுப்புகளால் தைத்த போர்வையை அதன்மேல் விரிக்கச் சுவாமியார் சம்மதித்திருந்தார்.

அவன் மனைவி தயானி, அவன் கட்டிய சாரங்களையும் போட்ட சேட்டுகளையும் சதுரங்களாக வெட்டி, நடுவில் பழைய கம்பளியும் அடியில் வெள்ளைத் துணியும் வைத்து, ஒன்றாகத் தைத்து முடித்திருந்தாள். தைத்த கையோடு போர்வை தட்டையாகக் கிடந்துவிடாது. சாரத் துணி ஒருபக்கம் இழுக்கும். சேட்டுத் துணி மறுபக்கம் உப்பும். அதை நனைத்து, இழுத்து விரித்து, ஓரமெல்லாம் முளையடித்துக் காயவிட வேண்டும். காய்ந்தபின் துணி பிடித்த பிடியிலேயே நின்றுகொள்ளும். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் அவள் படித்தது அது.

நனைக்க வேண்டும் என்று மாமனார் செபமாலையிடம் சொல்லிவைத்ததுதான் வினையாயிற்று. அவள் மாதா கோவிலுக்குப் போய் மேசையை அளந்து வருவதற்குள், மருமகளுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று அவர் போர்வையை வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொடியில் விரித்துவிட்டார். அந்தக் கிணறு உவர். உவரில் நனைந்த துணி காய்ந்ததுபோலக் காட்டும். கடற்காற்றுப் பட்டதும் மறுபடி கசியும். பூசைக்கு முதல்நாள் காலையில் தயானி தொட்டுப் பார்த்தாள். போர்வை பிசுபிசுத்தது. கருநீலச் சேட்டுத் துண்டில் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

நல்ல தண்ணீரில் அலசாமல் முளையடித்துப் பயனில்லை. குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி நாளைக்குப் பிறகுதான் வரும். வீட்டில் இருந்தது ஒரு குடம். ஆனால் அவளை அதிகம் வருத்தியது வேறு. மகன் போனதிலிருந்து கதிரையை விட்டு எழும்பாத மனிதர், தானாக எழும்பிச் செய்த முதல் வேலை அது. அதைப் பிழை என்று எந்த வாயால் சொல்வது?

கல்வேலிக்கு அப்பால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பார்வதிப்பிள்ளையிடம் மெல்லச் சொன்னாள்.

"எவ்வளவு தண்ணி வேணும்?" என்று கேட்டாள் பார்வதிப்பிள்ளை.

"ரெண்டு வாளி எண்டாலும் காணும் அக்கா. உங்கட மாட்டுக்கு வச்சிருக்கிறதெல்லோ..."

"அது ஒருநாள் உவர்த்தண்ணி குடிச்சாச் சாகாது. பால் தராமல் பழிவாங்கும், அவ்வளவுதான். நீர் பேசாமல் வாரும்."

வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள், முற்றத்தில் நின்ற செபமாலையிடம் தானாகவே தொடங்கினாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. என்ர பசுக் கண்டு உங்கட போர்வையில வாய் வச்சுப்போட்டுது. அதுதான் அலசத் தண்ணி கொண்டந்தனான்."

"கண்டைக் கட்டி வைக்க ஏலாதே உமக்கு?"

"கட்டித்தான் வச்சனான். அதுவும் உங்களைப்போலத்தான், சொல்வழி கேளாது."

தயானி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பொய்யை ஆண்டவர் பாவக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

மூவருமாக அலசிப் பிழிந்து, முற்றத்துப் பாய்களின்மேல் போர்வையை விரித்தார்கள். விளிம்பு நெடுக நூலால் சிறு வளையங்கள் போட்டு, வேப்பங்குச்சிகளை மாட்டி அறைந்தார்கள். செபமாலை வலை பின்னும் தங்கூசி நூலை மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து அளந்தார். ஒருபக்கம் சரியாக நின்றது. மறுபக்கம் இரண்டு விரல் குறைந்தது.

அவர் குறைந்த மூலையைப் பிடித்து இழுத்தார். பிறகும் இழுத்தார். உள்ளே ஒரு தையல் அறுந்த சத்தம் கேட்டது.

"மாமா, காணும். விடுங்கோ."

"காணாது பிள்ளை." அவர் கையை எடுக்கவில்லை. "அவனுக்கு ஒரு பெட்டிகூட என்னால செய்து குடுக்க ஏலேல்லை. இதாவது கோணாமல் கிடக்கட்டும்."

பார்வதிப்பிள்ளை வேறுபக்கம் பார்த்தாள். தயானி அவருக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்து, அவர் விரல்களின்மேல் தன் கையை வைத்தாள்.

"இது அவர் தொழிலுக்குக் கட்டுற சாரம் மாமா. நைஞ்சுபோச்சு. இதால இனி ஏலாது. மற்ற மூண்டு மூலையளும் கொஞ்சம் விட்டுக்குடுக்கட்டும்."

அவர் அந்த நைந்த சாரத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு பிடியை விட்டார். தானே போய் மற்ற மூலைகளின் முளைகளைப் பிடுங்கி, உள்ளே தள்ளி அறைந்தார். அங்கங்கே எழும்பிய துணியைத் தயானி ஈரக் கையால் தட்டித் தட்டி அமர்த்தினாள். அறுந்த இடத்தைப் பார்வதிப்பிள்ளை ஊசி வாங்கித் தைத்தாள். அவள் தையல் மாட்டுத்தீனிச் சாக்குத் தைக்கிற முரட்டுத் தையல்தான். மறுபடி நூல் பிடித்தபோது மூலைக்கு மூலை ஒத்து வந்தது. போர்வை முன்னையதைவிடக் கொஞ்சம் சிறுத்திருந்தது. வெயில் நன்றாக எறித்தது.

மறுநாள் கோவிலில் மேசைமேல் அதை விரித்தார்கள். சுருக்கமில்லை, உப்பலில்லை. நான்கு மூலையும் மேசையின் நான்கு மூலையிலும் படிந்து கிடந்தன. பார்வதிப்பிள்ளை சேலைத் தலைப்பால் முக்காடிட்டுக் கடைசி வாங்கில் இருந்தாள்.

சுவாமியார் பீடத்தடியில் நின்று, தொடங்கலாமா என்பதுபோலச் செபமாலையைப் பார்த்தார். மகனுக்காகப் பூசை சொல்லும்படி செபமாலை தன் வாயால் இன்னும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எல்லாம் தயானிதான் பேசியது.

செபமாலை மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஓம் சுவாமி," என்று தலையசைத்தார். "தொடங்குங்கோ."