சுவருக்குள் நூற்றறுபது வாட்

அக்கா குறை சொன்னது என்னவோ இஸ்திரிப்பெட்டியைத்தான். இரண்டாயிரம் வாட் என்று பெட்டியின் முதுகிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் நாலு தடவை ஓட்டினாலும் ஒரு சுருக்கம் போகமாட்டேன் என்கிறது. ஆறு மணிக்குள் விடுதிக்கு நாற்பது படுக்கை விரிப்புகள் போயாக வேண்டும். அவள் போனில் போட்ட சத்தத்துக்கு, ஒயர்மேனான தம்பி சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான்.

பெட்டி ஓடாதபோது பிளக்கில் 230 வோல்ட். ஓடும்போது 208. மெயின் போர்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். அங்கே அதே நேரத்தில் 228, ஒரு குறையும் இல்லை. ஒயரைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டினான். எட்டு ஆம்பியர். 208ஐ எட்டால் வகுத்தால் இருபத்தாறு ஓம். இந்தப் பெட்டிக்கு முழு 230ஐக் கொடுத்தால் இரண்டாயிரம் வாட் சுளையாகத் தரும். ஆக, பெட்டி நிரபராதி.

போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் இருபது வோல்ட் காணாமல் போகிறது. இருபதை எட்டால் வகுத்தால் இரண்டரை ஓம். நல்ல ஒயராக இருந்தால் அந்தத் தூரத்துக்குக் கால் ஓம்கூட வராது. இருபதை எட்டால் பெருக்கினால் நூற்றறுபது வாட். காணாமல் போன வாட் சும்மா போகாது, சூடாகத்தான் போகும். பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் ஒன்றுக்கே இருபத்தைந்து வாட்தான். அதில் ஆறைச் சுவருக்குள் சொருகிவைத்த மாதிரி.

அட்டைப்பெட்டியின் மேல் மூன்று தடவை கணக்குப் போட்டான். தன் கணக்கு தப்பாக இருக்கக் கூடாதா என்று அவன் ஏங்கியது வாழ்க்கையில் அன்றுதான். மூன்று தடவையும் அதே விடை.

அந்தச் சூடு எந்த இடத்தில் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு ஒயர் இழுத்தபோது இரண்டு முழம் போதவில்லை. கொத்தனார் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஆச்சா ஆச்சா என்று பிடுங்கியெடுத்தார். இரண்டு முனையையும் கையால் முறுக்கி, டேப்பைச் சுற்றி, குழாய்க்குள் தள்ளிவிட்டான். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தான். அந்த அப்புறம் வரவே இல்லை. ஆனால் வாய் மட்டும் சும்மா இருந்ததா? “போர்டுலேர்ந்து பிளக் வரைக்கும் ஒரே ஒயர், நடுவுல ஒரு ஜாயின்ட் கிடையாது” என்று போன இடமெல்லாம் அளந்தான். அக்கா புருஷனும் அதை நம்பி, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அவர் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர், பகலில் தூங்குவார். ஒயர்மேன் பூனை மாதிரி படுக்கையறைக்குள் போய், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. பஞ்சு மெத்தை சுவரை ஒட்டிக் கிடந்தது.

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். “இந்தச் சுவர் இருக்கே மச்சான், உங்கக்கா வேலை செய்யறப்பல்லாம் கதகதன்னு இருக்கும். என் கழுத்து வலிக்கு இதுதான் மருந்து.” சொல்லிவிட்டுத் தலையை இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவன் வெளியே வந்தான்.

“இன்னிக்கு இஸ்திரிய நிறுத்திடுக்கா.”

“ஏன்டா?”

“பெட்டி சரியில்ல.” கூசாமல் வந்தது பொய்.

“அவ்வளவுதானே! பழைய பெட்டி எதுக்கு இருக்கு?” அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் அதை எடுத்துச் சொருகிவிட்டாள்.

பாய்ந்துபோய் மெயினை அணைத்தான். மின்விசிறி நின்றது, வேர்வையோடு மாமா எழுந்து வந்தார்.

“பைத்தியமாடா உனக்கு? ஆறு மணிக்கு வண்டி வந்துடும்!” என்று அக்கா கத்தினாள்.

அன்றைக்கு ஒயர் இழுத்த வேலையில் அவனோடு இன்னொருத்தனும் இருந்தான். எங்கோ வெளியூரில் இருக்கிறான், பழியைப் போட்டால் ஏன் என்று கேட்க வரமாட்டான். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

“சுவத்துக்குள்ள ஒரு ஜாயின்ட் இருக்குக்கா. எரியுது. நான் போட்டதுதான்.”

“ஒரே ஒயர்னு சொன்னியே?” என்றார் மாமா.

“பொய் சொன்னேன் மாமா.”

கட்டிலை இழுத்துப் போட்டு, புதுப் பெயின்ட் அடித்த சுவரை உளியால் உடைத்தான். உள்ளே குழாய் பழுப்பேறி இளகித் தொங்கியது. டேப் தொட்டதும் தூளாக உதிர்ந்தது. மாமா அந்த ஓட்டையைப் பார்த்தார், தன் தலையணையைப் பார்த்தார், பிடரியைத் தடவிக்கொண்டார். நாலு அறை விட்டிருந்தாலும் தம்பிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“இது ஒண்ணுதானா?” என்றாள் அக்கா.

“இந்த வீட்டுல ஒண்ணுதான்.”

“நான் இந்த வீட்டையா கேட்டேன்?”

அவன் தலை குனிந்தான். அவசரப்படுத்தின கொத்தனார் ஒருத்தரா, போதாமல் போன ஒயர் ஒன்றா? இத்தனை வருஷம் நினைக்கக் கூடாது என்று தள்ளிவைத்த சுவர்களை விரல் விட்டு எண்ணினான்.

“இன்னும் மூணு வீடுக்கா.”

அக்கா திட்டவில்லை. அவன் கருவிப் பையைத் தூக்கி அவன் தோளிலேயே மாட்டினாள். “விடுதிக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். உண்மையைச் சொல்லிட்டுச் சுவரை உடை. போ.”

செருப்பை மாட்டும்போதே மனம் கணக்கில் இறங்கிவிட்டது. முதல் வீட்டில் வெந்நீர் ஹீட்டர், மூவாயிரம் வாட். அங்கேயும் இதே இரண்டரை ஓம் இருந்தால், சுவருக்குள் முந்நூறு வாட்டுக்கு மேல். குளியலறைக்கு அடுத்தது யாருடைய அறை? கைக்குழந்தைக்காரி ஒருத்தி அங்கே குடிவந்திருக்கிறாள். மீதிக் கணக்கைப் போடாமல் அவன் ஓடினான்.