விளம்பர இடைவேளை ஜெபம்

அந்த வீட்டில் குடும்ப ஜெபம் விளம்பர இடைவேளையில்தான் நடக்கும். சீரியல் நின்றதும் வெல்டர் அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பார். தையல்கார அம்மா முக்காடு போட்டு, மூச்சு விடாமல் ஜெபித்து, "ஆமென்" சொல்லும்போதே ரிமோட்டைத் துழாவுவாள். பட்டம் வாங்கிய மகளுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்று மட்டும் அவள் ஆசையாகக் கண்ணை மூடினாள். விடிந்தால் அவளுக்கு முதல் இன்டர்வியூ. அம்மா வாயில் தன் பேர் வரும் என்று காத்திருந்தாள்.

"ஆண்டவரே, அந்த மருமகப் பொண்ணு நல்லபடியா கண்ணு முழிக்கணும். மாமியார்காரி மனசை மாத்தும்," என்று உருகினாள் அம்மா.

சீரியலில் மயங்கிக் கிடப்பவளுக்கான ஜெபம் அது.

"அவளை எழுப்பிவிட கதை எழுதறவன் இருக்கான். எனக்கு யாரும்மா இருக்கா? நாளைக்கு இன்டர்வியூ."

அப்பாவுக்குச் சிரிப்பு முட்டியது. மகள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டு, எழுந்துபோய் டிவியை அணைத்தார். "ஆண்டவரையே இடைவேளையில உட்கார வச்சுட்டோம். இனிமே ஜெபம், சாப்பாடு, பேச்சு எல்லாம் முடிஞ்சாதான் இது. அதுவும் ஒரு மணி நேரம்."

"அந்தப் பொண்ணுக்காக ஜெபிச்சா பாவமா?" என்று முனகினாள் அம்மா.

"பாவமில்ல. வரிசையில பின்னாடி வரட்டும்."

அம்மா முக்காட்டை எடுக்காமலே மகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "என்ன வேலைடி அது? எனக்கே தெரியாம ஆண்டவர்கிட்ட என்னத்தக் கேக்கறது? முதல்லேருந்து சொல்லு."

மகள் திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தாள். அம்மா 'ம்' கொட்டக் கொட்ட, அந்தக் குரல் தானாகவே இறங்கியது.