நூகாவின் விரதம்

"அம்மா, பிள்ளையார் நூகாவையும் விரதம் இருக்கச் சொன்னவரோ?"

ஏழு வயது நிரோஜினி இப்படிக் கேட்டபோது கோசலை நூகாவின் கிண்ணத்தில் பால்சோறு வைத்துக்கொண்டிருந்தாள். பாரிஸின் ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் தேர் ஓடி முடியும்வரை அவள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை. அதனால் மகள் வளர்த்த நூகாவுக்கும், கீரியைப்போல் நீண்ட உடம்புள்ள ஃபெரட் அது, பால்சோறும் வாழைப்பழமுமே வைத்தாள். சில நாட்களில் நூகா வயிற்றால் போய்ச் சுருண்டு கிடந்தது.

அதன் குடல் இறைச்சிக்கென்றே அமைந்தது, சோறும் பழமும் பாலும் ஆகாது, இப்படியே விட்டால் பிழைக்காது என்றார் மிருக வைத்தியர்.

திரும்பி வந்த கோசலை கூண்டோடு படிக்கட்டில் நின்று அழுதாள். கீழ்வீட்டுப் புதுச்சேரிக்காரர் ஜெனவியேவ் கதவைத் திறந்தார்.

"விரதத்தை முறிக்கவும் ஏலாது, இதைச் சாகவிடவும் ஏலாது அக்கா."

"உன் விரதம் உன் வீட்டோட இருக்கட்டும். இவன் எங்க வீட்ல சாப்பிடட்டும். உங்க பிள்ளையார் என் சட்டியை எட்டிப் பாக்க மாட்டாரு."

கோசலை அழுகைக்கிடையிலும் சிரித்துவிட்டாள்.

தேர் முடியும்வரை ஜெனவியேவ் தினமும் கோழியும் ஈரலும் நறுக்கி ஊட்டினார். நூகா தேறி, பழையபடி காலுறைகளைத் திருடத் தொடங்கியது.

நவம்பரில் ஜெனவியேவ் முழங்கால் அறுவைக்காக மருத்துவமனையில் இருந்தார். கல்லறைத் திருநாளன்று, இறந்த கணவர் பிராங்குக்கு மெழுகுவர்த்தி ஏற்ற முடியவில்லையே என்று தொலைபேசியில் வருந்தினார்.

அன்று வேலை முடிந்ததும் கோசலை ஆளில்லாத தேவாலயத்துக்குள் போனாள். அங்கே என்ன சொல்லி வேண்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றி, தெரிந்த தேவாரத்தைப் பிராங்குக்காக மெல்லச் சொன்னாள். சுடர் நிலைக்கும்வரை நின்றாள். பிறகு நூகாவுக்குக் கோழி வாங்கப் போனாள்.