மேனேஜருக்கு ஒரு அறை

“தம்பி ரூம் எனக்கு வேணும்.”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், அந்த அறையை மட்டும் வாய் திறந்து கேட்காதே என்று மகளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே சொல்லி வைத்திருந்தாள். மகளுக்கு இப்போது இருபத்து நாலு. ஏழு தலைமுறையில் முதல் பட்டதாரி. பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே தரையில்தான் அவள் படுக்கை. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவான். மற்ற நாட்களில் அவனுடைய கேரம் போர்டு அங்கே தனிக்குடித்தனம் நடத்தியது.

“உனக்கு எதுக்குடி தனி ரூம்?”

“எனக்கும் மேனேஜருக்கும்.”

மேனேஜர் ஓர் எலி. உடம்பில் பேருக்குக்கூட ஒரு மயிர் கிடையாது. தோலுக்குப் பூசும் களிம்பைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. சோதனை முடிந்த எலியைக் கழித்துக் கட்டுவதாக இருந்தார்கள். நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். வழுக்கையும், சிவந்த முகமும், சும்மா உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பழக்கமும் அங்குள்ள மேனேஜருக்கு அப்படியே பொருந்தியதால் அந்தப் பெயர்.

வெயில் பட்டால் அதற்குத் தோல் வெந்துவிடும். தன் நகம் பட்டே கீறிக்கொள்ளும். குளிர் தாங்க வேறு வழியில்லாமல் இரண்டு எலியின் சாப்பாட்டைத் தின்னும். அப்பாவுக்கு எலி பிடிக்கும் தொழில். எலி பிடிப்பவர் வீட்டிலேயே எலி என்று ஊர் சிரிக்கக் கூடாது என்பதால் கூண்டு குளியலறையில் இருந்தது. மூன்று நாளாக ஒரே தும்மல். அடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்த தம்பி அறை ஒன்றுதான் அந்த வீட்டில் கதகதப்பு.

அப்பா பொறிகளை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மகளைப் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய்க் கூண்டின் முன் குந்தினார்.

“குளிருது இவனுக்கு. மூக்கைச் சுத்திச் செவப்பா இருக்கு பாரு. எலின்னா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தூங்கணும். இவனுக்குப் போர்வையும் இல்ல, கூட்டாளியும் இல்ல.”

“முப்பது வருஷமா கொன்னவருக்குப் பாசம் பொத்துக்கிட்டு வருதாக்கும்,” என்றாள் அம்மா.

“தொழில் வேற, வீட்டுக்கு வந்தவன் வேற.”

அம்மா யோசித்தாள். “ஆம்பளையா, பொம்பளையா?”

“இதுல என்ன சந்தேகம்? மறைக்க மயிர்கூட இல்ல.”

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து சாவியை எடுத்தாள்.

“சரி, அது உள்ள இருந்துட்டுப் போகட்டும். தம்பி வந்தாலும் ஒரு மூலைல கெடக்கும். நீ ஹால்லயே படுத்துக்க.”

“நான்?”

“நீ இன்னொரு வீட்டுக்குப் போறவடி.”

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் புதிதாக ஒன்றும் வரவில்லை, இருந்ததே போதுமானதாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் பின் தெருவில் ஓர் அறையின் சாவி ஒரு வாரமாக அவள் பையில் கிடந்தது. வெந்நீர்க் குழாய் ஓடும் சுவர் உள்ள அறை. கேட்காமலே போயிருந்தால், ‘வாய் விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே’ என்று காலமெல்லாம் சொல்லுவார்கள். அதனால்தான் கேட்டாள்.

கூண்டின் மேல் போர்வையைப் போட்டாள். நேற்றே அடுக்கிய பெட்டியைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்தாள்.

“எங்கடி கிளம்பிட்டே?”

“இன்னொரு வீட்டுக்கு.”

“என்னங்க, கேளுங்க இவள!”

அப்பா போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் கூண்டுக்குள் பார்த்தார். “கீழே என்ன துணி போட்டிருக்கே? நூல் பிரியறதப் போடாதே. விரல்ல சுத்திக்கும்.”

“தெரியும்.”

“தனியா வெச்சா ஏங்கிப் போயிடும்.”

“திங்கட்கிழமை இன்னொண்ணு வருது.”

“அதுவும் ஆம்பளையா?” என்றாள் அம்மா.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த பொறிகளைத் தாண்டி இறங்கினாள். போர்வைக்குள் மேனேஜர் ஒருமுறை தும்மினார்.